மணிக்கூடு சொல்லும் கணக்கு சரிதானா?



கஸ்தூரியார் வீதியில் கடை வைத்திருக்கும் எனக்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த ஒரு விடயத்தை இந்த வாரம் எழுதுகிறேன். ஸ்மார்ட் மணிக்கூடு விற்பவர்களுக்கும், அதைக் கையில் கட்டிக்கொண்டு "இன்று இவ்வளவு நடந்தேன்" என்று திருப்திப்படும் நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கும் இது பயன்படும் என நினைக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்காகக் கடையைப் பூட்டப் போகும் நேரம். கொழும்புத்துறையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். எழுபத்தொரு வயது. மூன்று மாதங்களுக்கு முன் நம்மிடம்தான் மணிக்கூடு வாங்கியிருந்தார். கையை நீட்டிக் காட்டினார்.

"தம்பி, உந்த மணிக்கூடு எனக்கு விளங்கேல்லை. காலமை கரண்ட் இல்லை, விறாந்தையில கதிரையில இருந்தனான். பிறகு சைக்கிளில இஞ்ச வந்தனான். ஆறாயிரம் காலடி நடந்திருக்கிறன் எண்டு காட்டுது. எந்தக் கால் நடந்தது?"

கடையில் நின்ற பையன்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே முறைப்பாட்டோடு மணிக்கூட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களில் இவர் முதலாவது ஆள் அல்ல. "விறாந்தையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் மாஸ்டர்?" என்று கேட்டேன். "என்ன செய்யிறது, விசிறிக்கொண்டிருந்தனான்" என்றார்.

விடயம் அங்கேயே பாதி வெளித்துவிட்டது. பனையோலை விசிறி!

இந்த மணிக்கூட்டுக்குக் கால் எது, கை எது என்று தெரியாது. அதற்குள்ளே அசைவை உணரும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. நாம் நடக்கும்போது கை முன்னும் பின்னும் வீசுகிறது அல்லவா? அந்தத் தாளத்தை அது பிடிக்கிறது. சாதாரண நடையில் ஒரு நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது காலடி. ஒழுங்கான தாளத்தில் கை அசைந்தால் அது நடை என்று எழுதிக்கொள்கிறது. மாஸ்டர் ஒரு மணித்தியாலம் அதே தாளத்தில் விசிறினார். நிமிடத்துக்கு நூறு வீதம் அறுபது நிமிடத்துக்கு ஆறாயிரம். கணக்கு சரி, பொருள்தான் பிழை.

கொத்துரொட்டி போடும் தம்பிமாரின் கையில் இதைக் கட்டிப் பாருங்கள். இரண்டு தகட்டையும் பிடித்து அவர்கள் தட்டும் வேகம் கிட்டத்தட்ட நடையின் வேகம்தான். இரவு கடை பூட்டும்போது அவர் பருத்தித்துறைக்கு நடந்துபோய் வந்ததாகக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. மறுபக்கம், சாமான் வண்டி தள்ளுகிறவரின் கை பிடியிலேயே இருக்கும். அவர் நாள் முழுவதும் நடப்பார், மணிக்கூடு அவரைச் சோம்பேறி என்று சொல்லும்.

கொழும்புத்துறையில் ஒரு பரிசோதனை

அடுத்த ஞாயிறு சுபஹுக்குப் பிறகு நான் கொழும்புத்துறைக்குப் போனேன். நகரிலிருந்து மூன்று நான்கு கிலோமீற்றர்தான். யோகர் சுவாமிகள் வாழ்ந்த ஊர் என்பதால் பலருக்கும் தெரிந்த இடம். இறங்குதுறையிலிருந்து பாசையூர்ப் பக்கம் போகும் வழியில் கடல் காற்று வீசும், உயரமான கட்டிடங்கள் இல்லை, வானம் திறந்து கிடக்கும். மணிக்கூட்டைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் யாழ்ப்பாணத்தில் கிடைக்காது.

நான் கொண்டுபோனவை இரண்டு. ஒன்று ஐம்பது மீற்றர் அளவு நாடா. மற்றது விரலில் மாட்டும் எண்ணி. நம் கடைகளில் தஸ்பீஹ் எண்ணுவதற்கு விற்கிறோமே, அதேதான். வலது கால் படும்போதெல்லாம் ஒரு தடவை அழுத்தினால் போதும், இறுதியில் இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம்.

மாஸ்டர் கையை வீசி 500 காலடி நடந்தார். மணிக்கூடு 488 காட்டியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பும்போது குடையை இடுக்கி, கையை அசைக்காமல் நடக்கச் சொன்னேன். மறுபடியும் 500. மணிக்கூட்டில் 310. பிறகு சைக்கிளில் ஏறிக் குண்டும் குழியுமான ஒழுங்கை ஒன்றில் ஒரு சுற்று. ஒரு காலடியும் நடக்கவில்லை, ஆனால் இருநூறுக்கு மேல் கூடிவிட்டது.

ஆக, மணிக்கூடு பழுதில்லை. அதை எப்படிக் கட்ட வேண்டும், என்ன சொல்லி வைக்க வேண்டும் என்பதை விற்ற நான் அவருக்குச் சொல்லவில்லை.

எந்தக் கையில் கட்டுகிறோம் என்று அதற்குள் ஒரு தெரிவு உண்டு. அதிகம் வேலை செய்யாத கையில் கட்டி, அதையே அங்கு குறிக்க வேண்டும். துணி அளப்பவர், தராசு பிடிப்பவர், வெட்டுக்கத்தி பிடிப்பவர் எல்லோரும் மற்றக் கையில் கட்டுவதே நல்லது. சைக்கிளில் ஏறினால் "சைக்கிள்" என்ற பயிற்சியைத் தெரிவு செய்ய வேண்டும். வண்டி தள்ளுகிறவர் "நடை" என்று ஆரம்பித்து, தொலைபேசியையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் தூரமாவது சரியாக வரும்.

பேரன் போட்ட விபரம்

அதன் பிறகு 100 மீற்றரை அளந்து அடையாளமிட்டு மாஸ்டரை நடக்கச் சொன்னேன். 165 காலடி. அதாவது ஒரு காலடி ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர். ஆனால் மணிக்கூடு அவருக்கு 72 சென்ரிமீற்றருக்கு மேல் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. ஏன் என்று தொலைபேசியைத் திறந்து பார்த்தேன். உயரம் 175 சென்ரிமீற்றர், எடை 70 கிலோ, வயது 22 என்று இருந்தது! பேரன் அவசரத்தில் தன்னுடைய விபரத்தையே போட்டுக் கொடுத்திருக்கிறான்.

பெரும்பாலான மணிக்கூடுகள் உயரத்தை வைத்துத்தான் காலடியின் நீளத்தை ஊகிக்கின்றன. உயரத்தில் 41, 42 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. இப்படியே விட்டால் 4,000 காலடிக்கு மணிக்கூடு 2.9 கிலோமீற்றர் சொல்லும், அவர் உண்மையில் நடந்தது 2.4 கிலோமீற்றர்தான். உங்கள் தராசு கிலோவுக்கு நூற்றெழுபது கிராம் குறைத்து நிறுத்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

தூரம் பிழைத்தால் பெரிய பாதிப்பில்லை என்று சிலர் சொல்லக்கூடும். வயது பிழைத்தால் அப்படியல்ல. 220 இலிருந்து வயதைக் கழித்து இதயத் துடிப்பின் உச்ச அளவை மதிப்பிடுவது பழைய முறை. மணிக்கூடுகளில் பல இன்னும் அதைத்தான் பின்பற்றுகின்றன. 22 வயதுக்கு 198. அதில் அறுபது முதல் எழுபது சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 119 முதல் 139 வரை, மிதமான பயிற்சி என்று மணிக்கூடு சொல்லும். மாஸ்டரின் உண்மையான வயதுக்கு உச்சமே 149. அவருக்கு மிதமான அளவு 89 முதல் 104 வரை. அவர் மெல்ல நடந்தபோதெல்லாம் "இன்னும் வேகம், இன்னும் வேகம்" என்று மணிக்கூடு அதிர்ந்துகொண்டே இருந்ததாம். அந்தச் சொல்லைக் கேட்டு 130க்கு ஏற்றியிருந்தால் அது அவரது உச்சத்தில் எண்பத்தேழு சதவீதம்! நல்ல வேளையாக முழங்கால் வலியால் அவர் அதைக் கேட்கவில்லை.

இந்தச் சூத்திரமும் ஒரு மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் மாறும். பிரஷருக்காக இதயத் துடிப்பைக் குறைக்கும் குளிசை எடுப்பவர்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது. அவர்கள் எவ்வளவு வேகத்தில் நடக்கலாம் என்பதை வைத்தியரிடமே கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். இதற்கு மணிக்கூடே தேவையில்லை.

பச்சை வெளிச்சம்

மணிக்கூட்டின் அடியில் பச்சை நிறத்தில் மின்னுகிறதே, அது என்னவென்று பலர் கேட்பார்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறையும், திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்பக் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது. இடையில் வெளிவெளிச்சம் புகுந்தாலோ, மணிக்கூடு ஆடினாலோ, வியர்வை உப்பும் எண்ணெயும் படிந்திருந்தாலோ கணக்குக் குழம்பும். பச்சை குத்திய இடத்திலும் இதே பிரச்சினை.

ஆகவே மணிக்கட்டு எலும்பில் கட்டக்கூடாது. அதற்கு ஒரு விரல் அகலம் மேலே, நடக்கும்போது சற்று இறுக்கமாக, வீட்டுக்கு வந்ததும் தளர்த்தி. நம்மவர்கள் வுழூவுக்காகக் கழற்றி வைத்துவிட்டு, பிறகு அவசரத்தில் எலும்பின் மேலேயே தொங்கவிடுவதை நான் தினமும் பார்க்கிறேன். ஈரக் கையையும் மணிக்கூட்டின் அடியையும் துடைத்துவிட்டுக் கட்ட இரண்டு விநாடி போதும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. தளர்வாகக் கட்டியிருந்தால் சில வேளைகளில் அது இதயத் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியின் தாளத்தையே துடிப்பு என்று எண்ணிவிடும். நிமிடத்துக்கு 110 காலடி நடக்கிறீர்கள், துடிப்பும் சரியாக 110 என்று நிற்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். நின்று, கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

கருமையான தோலில் இது வேலை செய்யாது என்ற பேச்சும் நம்மிடையே உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2020இல் 53 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். தோலின் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. மணிக்கூட்டுக்கு மணிக்கூடு வித்தியாசம் இருந்தது. உடல் அசையும்போது பிழை, ஓய்வில் இருப்பதைவிடச் சராசரியாக முப்பது சதவீதம் கூடியது. ஆகவே வாடிக்கையாளரின் நிறத்தைச் சொல்லித் தப்பிக்க நமக்கு வழியில்லை!

கலோரிக் கணக்கை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் 2017இல் ஏழு கருவிகளை அறுபது பேரின் கையில் கட்டிச் சோதித்தது. இதயத் துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை ஐந்து சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. மிகச் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் பிழை, மிக மோசமானது 93 சதவீதம். "நானூறு கலோரி எரிந்துவிட்டது" என்று இரண்டு ரோல்ஸ் கூடச் சாப்பிடுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

தூரம் பற்றி ஒரு சொல். மலிவான மணிக்கூடுகள் பலவற்றில் ஜீ.பீ.எஸ். கிடையாது, பெட்டியில் எழுதியிருந்தாலும் தொலைபேசியின் ஜீ.பீ.எஸ்.ஸைத்தான் அவை கடன் வாங்குகின்றன. தொலைபேசியை வீட்டில் விட்டுப் போனால் காலடியைப் பெருக்கித்தான் தூரம் சொல்லும். குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைக்க வேண்டும் என்பதால், ஆரம்பிக்கும் முன் திறந்த வெளியில் ஒரு நிமிடம் நிற்பது நல்லது. கொழும்பு புறக்கோட்டையின் ஒடுங்கிய தெருக்களில் சுவரில் பட்டுத் தெறிக்கும் சமிக்ஞையால் பாதை கோணல்மாணலாக வரும். அப்பிள் நிறுவனம் தன் மணிக்கூட்டைப் பழக்குவதற்கு, சமதரையான திறந்த வெளியில் வழக்கமான வேகத்தில் இருபது நிமிடம் நடக்கச் சொல்கிறது. இறங்குதுறைப் பக்கம் நாங்கள் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

சீனி வருத்தம்

எல்லாம் சரிசெய்து முடித்து, மாஸ்டர் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். "நடை பிழைச்சாலும் பரவாயில்லை தம்பி, சீனியைச் சரியாக் காட்டுது. விரலில குத்துற சோதனையை நான் விட்டுட்டன்."

தேத்தண்ணீர் எனக்கு இறங்கவில்லை. அந்த மணிக்கூட்டின் பெட்டியில் இரத்தத்தில் சீனி, பிரஷர் எல்லாம் பார்க்கும் என்று எழுதியிருந்தது. கொழும்பில் வாங்கிய இடத்தில் சொன்னதை நானும் அப்படியே அவருக்குச் சொல்லி விற்றிருந்தேன். அவருக்குப் பத்து வருடங்களுக்கு மேலாகச் சீனி வருத்தம். மறுநாளே இரத்தம் சோதிக்க வைத்தேன். சோதனையில் 300ஐத் தாண்டியிருந்தது. அதே காலை மணிக்கூடு 104 என்று காட்டியிருந்தது.

கடைக்கு வந்து மிச்சம் இருந்தவற்றில் ஒன்றை எடுத்து, சுருட்டிய துவாய் ஒன்றில் கட்டிப் பார்த்தேன். துவாய்க்குப் பிரஷர் 118/76. சீனியும் நல்ல அளவில்! நல்ல மணிக்கூடுகூடத் துவாயில் கட்டினால் சில வேளை துடிப்பு என்று ஏதாவது ஒரு எண்ணைக் காட்டிவிடும், அதை வைத்து அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் துவாய்க்குச் சீனி சொல்லும் பொருளை மனிதனுக்கு எப்படி விற்பது?

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் இது பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. தோலைத் துளைக்காமல் தானாகவே சீனியை அளக்கும் எந்த ஸ்மார்ட் மணிக்கூட்டுக்கும், மோதிரத்துக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று அது அறிவித்தது. பிழையான அளவை நம்பி இன்சுலினைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. தோலுக்குள் சிறு ஊசிபோல் பொருத்தும் உணரி அளந்து, அந்த அளவை மணிக்கூட்டில் காட்டுவது வேறு விடயம். அதை இதோடு குழப்பக்கூடாது. பிரஷரிலும் அப்படித்தான். பெயர்பெற்ற சாம்சுங் மணிக்கூடே கையில் சுற்றும் பிரஷர் கருவியோடு நான்கு வாரத்துக்கு ஒரு தடவை ஒப்பிட்டுச் சரிசெய்யுமாறு சொல்கிறது. எதனோடும் ஒப்பிடாமல் எண்ணைச் சொல்லும் மலிவு மணிக்கூட்டை எப்படி நம்புவது?

என்னிடம் அந்த வகையில் பதினொரு மணிக்கூடுகள் மிஞ்சியிருந்தன. தந்தவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். "பெட்டியில் இருப்பதைத்தானே நீங்களும் சொன்னீர்கள், யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பொருளைப் பற்றிப் பொய்யாகவோ, தவறாக வழிநடத்தும் விதத்திலோ சொல்லி விற்பதை அது தடுக்கிறது. "இறக்குமதி செய்தவர் எழுதியது" என்பது விற்றவரின் வாய்க்குப் பூட்டாகாது. சட்டத்தை விடுங்கள், மாஸ்டரின் முகத்தை நான் மறுபடியும் பார்க்க வேண்டுமே!

பதினொன்றையும் அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். முன்பு வாங்கியவர்களில் தொலைபேசி இலக்கம் இருந்தவர்களை எல்லாம் அழைத்துச் சொன்னேன். சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தேன். அந்த மாத இலாபம் போய்விட்டது, உண்மைதான்.

இப்போது நம் கடையில் மணிக்கூடு விற்றால் பத்து நிமிடம் கூடச் செலவாகிறது. வாங்குபவரின் வயது, உயரம், எடை, எந்தக் கை என்பவற்றை அவர் முன்னிலையிலேயே பதிந்து கொடுக்கிறோம். பரிசாகக் கொடுப்பதற்கு வாங்கினால், யாருக்கு என்று கேட்கிறோம். தொலைபேசியில் பற்றரியைச் சேமிக்கும் ஏற்பாடு அந்தச் செயலியை நிறுத்திவிடாதபடி மாற்றுகிறோம். பிறகு கடை வாசலிலிருந்து வீதியில் நூறு காலடி எண்ணி நடக்கச் சொல்கிறோம். 95க்கும் 105க்கும் இடையில் வந்தால் பணத்தை வாங்குகிறோம். பற்றுச்சீட்டின் பின்னால் "இது வைத்தியக் கருவி அல்ல. சீனி, பிரஷர் பார்க்க இதை நம்ப வேண்டாம்" என்று றப்பர் முத்திரை குத்துகிறோம். முத்திரையைப் பார்த்து இரண்டு பேர் வாங்காமல் போனார்கள். ஆனால் "நடை பிழைக்கிறது" என்று திரும்பி வருவோர் மிகவும் குறைந்துவிட்டார்கள். முன்பு பத்துப் பேர் வந்தால் ஏழெட்டுப் பேரின் குறை விபரம் பிழையாகப் பதிந்ததுதான்.

நம் தராசுகளை வருடத்துக்கு ஒரு தடவை அளவீட்டு அலகுகள் திணைக்களத்தார் பார்த்து முத்திரையிடுகிறார்கள். மணிக்கூட்டுக்கு அப்படி முத்திரையிட ஆளில்லை. வருடத்துக்கு ஒரு தடவை 500 காலடி எண்ணிப் பார்ப்பதும், எடை கூடிக் குறைந்தால் புதிதாகப் பதிவதும் கட்டியிருப்பவரின் வேலைதான்.

பத்தாயிரம் காலடி என்ற இலக்கைப் பற்றியும் கேட்பார்கள், அதுவும் ஒரு வியாபாரக் கதை. தோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த வருடம், 1965இல், ஜப்பானில் ஒரு நிறுவனம் காலடி எண்ணும் கருவியை "மன்போ கெய்" என்ற பெயரில் விற்றது. "பத்தாயிரம் காலடி மானி" என்று பொருள். ஆராய்ந்து கண்ட எண் அல்ல, விற்பதற்கு வைத்த பெயர்! அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட வயதான பெண்களை அவதானித்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஏறக்குறைய 4,400 காலடி நடந்தவர்களிடையே மரணம், 2,700 நடந்தவர்களைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் பெரிய மாற்றம் இல்லை. மாஸ்டரிடம் இதைச் சொல்லி இலக்கை நாலாயிரத்துக்கு இறக்கி வைத்தேன்.

அவர் மறுபடியும் விரலில் குத்திச் சீனி பார்க்கிறார், குளிசையை வைத்தியர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். காலையில் இறங்குதுறையிலிருந்து பாசையூர் வரை போய் வருகிறார். நேற்று தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இண்டைக்கு நாலாயிரத்து இருநூறு. விசிறி தொடேல்லை."